மணிமுத்தாறு அணை நெறஞ்சா தேவகோட்டைக்குத் தண்ணி வருமா?

கேள்வி, நவம்பர் 8
நியூஸ்ல மணிமுத்தாறு அணை நூறு அடியத் தாண்டிருச்சுன்னு ஓடுது. நம்ம தேவகோட்டைப் பக்கமும் மணிமுத்தாறுதானே ஓடுது, அப்ப நம்ம கண்மாய்க்கெல்லாம் எப்பத் தண்ணி வரும்? எங்க சித்தப்பா வெதச்சிட்டு வானத்தப் பாத்து உக்காந்திருக்காரு. தெரிஞ்சவுக சொல்லுங்க.

நவம்பர் 8, ராத்திரி
வராது. அது வேற மணிமுத்தாறு.

டிவியில சொல்றது திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணியில போய்ச் சேர்ற மணிமுத்தாறு. காமராஜர் முதலமைச்சரா இருந்த காலத்துல கட்டின அணை, 118 அடி. அங்க நெறஞ்சா நாங்குநேரி ராதாபுரத்துக்காரவுக சந்தோஷப்படணும், நாம இல்ல. நம்ம மணிமுத்தாறு திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து கண்மாய் கண்மாயா விழுந்து எந்திரிச்சுப் போறது, அதுக்கு அப்படிப்பட்ட அணையும் கிடையாது, டிவியில சொல்ற அளவுக்கு மவுசும் கிடையாது. இதுபோக கள்ளக்குறிச்சிப் பக்கம் மணிமுக்தா அணைன்னு ஒண்ணு இருக்கு, அதையும் போட்டுக் குழப்பிக்காதீக.

நவம்பர் 9, காலைல
நேத்து ராத்திரி தூக்கக் கலக்கத்துல வெடுக்குன்னு எழுதிட்டேன், சித்தப்பா மேல கோவமில்ல. ஆனா இந்தக் கேள்விய நான் முப்பது வருஷமா கேட்டுட்டு வாரேன். எங்க சொந்தத்துலயே ஒருத்தர் பேப்பர விரிச்சா மொதல்ல அணை நிலவரக் கட்டம்தான் பாப்பாரு. வைகை எத்தனை, பெரியாறு எத்தனை, பேச்சிப்பாறை எத்தனை. பேச்சிப்பாறை கன்னியாகுமரி மாவட்டம், அதுல என்ன வந்தா இவருக்கென்ன? கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒரு பழக்கம்.

நம்ம செட்டிநாட்டுல சொல்லிக்கிற மாதிரி ஒரு அணை கிடையாது. கட்டவும் முடியாது. அணை கட்டணும்னா ரெண்டு மலை கிட்டக்கிட்ட வந்து நிக்கணும், நடுவுல ஆறு ஓடணும், அப்பத்தான் குறுக்க ஒரு சுவர வச்சா பின்னாடி தண்ணி தேங்கும். நம்ம பூமி தாம்பாளம் மாதிரி இருக்கு. குறுக்க சுவர் வச்சா தண்ணி சுத்திட்டுப் போயிரும். அதனாலதான் அரை வட்டமா கரையப் போட்டுக் கண்மாய்னு வச்சாக, ஒண்ணு நெறஞ்சா கலுங்கு வழியா அடுத்ததுக்கு. பெரிய அணைத் தண்ணியில சிவகங்கை மாவட்டத்துக்குப் பங்கே இல்ல, எல்லாம் மதுரைக்காரனும் ராமநாதபுரத்துக்காரனும் எடுத்துக்கிறான். ஒரு டி.எம்.சி.ன்னா ஆயிரம் கோடி கன அடி, அதுல நமக்கு ஒரு செம்பு கூட இல்ல.

நவம்பர் 9, மத்தியானம்
வெளிய தூறுது. எழுதினது வீண்போகல.

நவம்பர் 11
மேல எழுதினதுல ரெண்டு தப்பு. ஒருத்தர் போன் போட்டே திட்டிட்டாக.

ஒண்ணு, டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி. ஆயிரம் கோடின்னு பத்து மடங்கு ஏத்தி எழுதிட்டேன். லிட்டர்ல சொன்னா ஏறக்குறைய 2,831 கோடி லிட்டர்.

ரெண்டு, பங்கு இல்லன்னது சுத்தப் பொய். வைகை பூர்வீகப் பாசனம்னு உண்டு. அணையில தொறக்குற தண்ணிய 12 பங்கா வச்சு மதுரைக்கு 2, சிவகங்கைக்கு 3, ராமநாதபுரத்துக்கு 7. பேரணைல இருந்து விரகனூர் மதகணை வரைக்கும் மொதப் பகுதி, விரகனூர்ல இருந்து பார்த்திபனூர் மதகணை வரைக்கும் ரெண்டாவது, அங்கேர்ந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் மூணாவது. திருப்புவனம், மானாமதுரைக்காரவுகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். இதுபோக பெரியாறு கால்வாய் மேலூரத் தாண்டி சிவகங்கைப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாக்கும், அதுக்கும் வருஷா வருஷம் சண்டை உண்டு. நான் காரைக்குடி தேவகோட்டைய மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மாவட்டத்துக்கே சொல்லிட்டேன். செட்டிநாடுன்னா உலகமே செட்டிநாடுன்னு நெனைக்கிற புத்தி. மன்னிச்சுக்கங்க மானாமதுரை.

நவம்பர் 15
லீவு நாள், கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

வைகை அணைய நான் மொதல்ல பாத்தது பள்ளிக்கூடத்துல சுற்றுலா கூட்டிட்டுப் போனப்ப. பஸ்ஸுல பாதிப்பேரு வாந்தி. பொட்டணத்துல புளியோதரை. அணைக்கு முன்னாடி பார்க், அதுல நடுவுல ஆத்துக்குப் பாலம், சாயங்காலம் கலர் லைட்டு, அப்பெல்லாம் அத சின்ன பிருந்தாவனம்னு சொல்லுவாக. எங்களுக்கு அணையே கண்ணுல படல, பார்க்தான் அணைன்னு நெனச்சோம். மாஸ்டர் மேல ஏத்திக் கூட்டிட்டுப் போயி இந்தப் பக்கம் பாருங்கடான்னப்பத்தான் தண்ணியப் பாத்தேன். பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா எங்கூரு ஊரணியில இக்கரைல நின்னு அக்கரைல துணி தொவைக்கிறவுக யாருன்னு பேர் சொல்லிக் கூப்பிடலாம், இங்க அக்கரையே தெரியல. கூட வந்தவன் ஒருத்தன் கடல்னு சொல்லிட்டான். மாஸ்டர் அவன் தலையில தட்டினாரு, ஆனா அவருக்கும் சிரிப்பு.

அன்னைக்கு அவரு 71 அடின்னு சொன்னாரு. நான் வெகு காலமா 35 அடி இருந்தா பாதி தண்ணி இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். பேப்பர் பாக்குற பாதிப்பேரு இன்னும் அப்படித்தான் நெனைக்கிறாக. பணியாரச் சட்டியப் பாருங்க. குழி கீழ குறுகல், மேல அகலம். அரைக் குழி உயரத்துக்கு மாவு ஊத்தினா பாதி மாவா பிடிக்குது? மூணுல ஒரு பங்கு கூட வராது. அணையும் அந்தக் கணக்குதான், பள்ளத்தாக்கு மேல போகப் போக அகலும். அதனால பத்துல இருந்து இருபது அடிக்கு ஏறுறதும் அறுபதுல இருந்து எழுபதுக்கு ஏறுறதும் ஒண்ணில்ல. கடைசி பத்து அடிலதான் சொத்தே இருக்கு. போதாக்குறைக்கு அடில வண்டல் வேற. பாலத்துக்குக் கீழ மணல் அள்ளின ஆத்த எல்லாரும் பாத்திருப்போம், அணைக்குள்ள படிஞ்ச வண்டல யாரு பாக்குறா.

மொத்தக் கொள்ளளவு 6 டி.எம்.சி. சொச்சம். எங்க ஊரணிய நான் எட்டு வச்சு அளந்து பாத்தேன் (சிரிக்காதீக, ரிட்டயர்டு ஆளு), சுமாரா 200 அடிக்கு 200 அடி, நெறஞ்சா சராசரி பத்தடி ஆழம். நாலு லட்சம் கன அடி. ஒரு டி.எம்.சி.க்கு இப்படி 2,500 ஊரணி. வைகை அணைக்கு 15,000 ஊரணி. இந்தக் கணக்கப் போட்டு முடிச்சப்ப எங்க ஊரணி மேல கொஞ்சம் எளக்காரம் வந்துச்சு. அப்புறம் லாரித் தண்ணிக் கணக்குல போட்டுப் பாத்தேன், 12,000 லிட்டர் லாரில தொள்ளாயிரத்துச் சொச்சம் லாரி. மரியாதை திரும்பி வந்துருச்சு.

நவம்பர் 16
கேட்டிருக்காக: வைகை அணை உயரம் 111 அடின்னு போர்டுல போட்டுருக்கே, 71 அடியில நெறஞ்சிருச்சுங்கிறாகளே, மிச்சம் 40 அடி எவன் தின்னான்?

யாரும் திங்கல. சுவர அஸ்திவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் அளக்குறது, தண்ணிய அளக்க ஆரம்பிக்கிற புள்ளி வேற. மேட்டூர் சுவரும் 214 அடி, தண்ணிக் கணக்கு 120 தான். முல்லைப் பெரியாறு இதவிட விசித்திரம், அங்க 104 அடிக்கு மேல நிக்கிற தண்ணிதான் சுரங்கம் வழியா நம்ம பக்கம் வரும், அதுக்குக் கீழ எவ்வளவு கெடந்தாலும் கண்ணால பாத்துக்க வேண்டியதுதான். 2014ல சுப்ரீம் கோர்ட்டு 142 வரைக்கும் தேக்கலாம்னு சொன்னுச்சே, அது 104க்கு மேல 38 அடிப் பேச்சு. பேப்பர்ல 110னு போட்டா நமக்கு ஆறு அடிதான் இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, வைகையில அணை முழுசும் ரொம்ப விடமாட்டாக. 66 அடியில மொத எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது, அப்புறம் வர்ற தண்ணிய அப்படியே ஆத்துல தொறந்து விட்ருவாக. ஏழு பெரிய மதகு. அதத் தொறக்குறப்ப நேர்ல பாக்கணும், சத்தம் வயித்துக்குள்ள கேக்கும்.

நவம்பர் 22
கேள்வி கேட்ட தம்பியோட சித்தப்பா ஊரு எங்க ஊருக்கு ரெண்டு ஊரு தள்ளித்தானாம். மழை விட்டுருந்துச்சு, வண்டிய எடுத்துட்டுப் போனேன். அங்க நீர்ப்பாய்ச்சி ஒருத்தரு இருக்காரு, எழுபத்தஞ்சு வயசிருக்கும், மடை தொறக்குறதும் அடைக்கிறதும் அவுக குடும்ப வேலை. இப்ப அதுக்குக் கூலி நெல்லு கொடுக்குறவுக நாலஞ்சு பேருதான்னாரு.

கண்மாய்ல முழங்கால் தண்ணிதான். நான் பெரிய மனுசன் மாதிரி, "வைகையில 66 வந்துருச்சாம்ணே, எச்சரிக்கை விட்டாச்சு"ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு. "தம்பி, இந்தக் கண்மாய்க்கு எங்க இருந்து தண்ணி வருதுன்னு தெரியுமா?" தெரியாது. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. "வாங்க"ன்னு கூட்டிட்டுப் போனாரு.

வரத்துக்கால் வழியா நடந்தோம். மொதக் கொஞ்ச தூரம் கால் தெரியுது, ரெண்டு பக்கமும் கருவேலம், குனிஞ்சுதான் போகணும், சட்டை ரெண்டு எடத்துல கிழிஞ்சது. அப்புறம் ஒரு எடத்துல கால் இடுப்பளவு ஆழமும் பத்தடி அகலமும் இருந்தது, அதத் தாண்டினா தார் ரோடு, ரோட்டுக்கு அடில ஒரே ஒரு சிமெண்டு குழாய். குழாய் வாயில பிளாஸ்டிக் பை, தென்ன மட்டை, ஒரு பழைய தலகாணி. ரோட்டுக்கு அங்கிட்டு தண்ணி வயக்காட்டுல பரவி நிக்குது, இங்கிட்டு சொட்டுது. பத்தடிக் காலு, ரெண்டடிக் குழாய். அவரு ஒண்ணும் சொல்லல, குச்சிய எடுத்து தலகாணியக் குத்தி இழுத்தாரு. அது ஊறிப் பெருத்துப் போயி வரமாட்டேங்குது. நானும் எறங்கி இழுத்தேன். வந்துச்சு. வந்ததும் குழாய்க்குள்ள கபக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் சேத்துக் கலர்ல தண்ணி முழங்கால்ல மோதிட்டுப் போச்சு.

"இதுதான் நம்ம மதகு"ன்னாரு.

(திரும்புறப்ப வண்டி கிக்கரு வேலை செய்யல, தள்ளிட்டு வந்தேன். அது தனிக் கதை.)

நவம்பர் 23
சித்தப்பா போன் பண்ணினாரு. கண்மாய்ல தொடை அளவு ஏறியிருக்காம். தலகாணிக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.

நவம்பர் 30
தெர்மாக்கோல் பத்தி இன்னும் யாரும் பேசலையேன்னு பாத்தேன், வந்துட்டாக.

2017 ஏப்ரல், வைகை அணை, ஆவியாகுறதத் தடுக்க தெர்மாக்கோல் அட்டைகள டேப் போட்டு ஒட்டித் தண்ணியில விட்டாக, காத்தடிச்சு எல்லாம் கரைக்கு வந்துருச்சு. நாடே சிரிச்சது, நானும் சிரிச்சேன், மீம் போட்டேன். இப்ப யோசிச்சா, ஆவியாகிப் போறது ஒண்ணும் சிரிக்கிற விஷயமில்ல. 2015ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு நீர்த்தேக்கத்துல 9.6 கோடி கருப்புப் பந்த உருட்டி விட்டானுக, வெயில் தண்ணியில விழக்கூடாதுன்னு, அதுல ஆவியாகுறதும் கொறையும். அவன் செஞ்சா டெக்னாலஜி, நம்மாளு செஞ்சா மீம். சரி, நம்மாளு செஞ்சது மீமுக்கு லாயக்குதான், அத மறுக்கல. அணையில எப்படிக் காத்தடிக்கும்னு ஒரு மீன்காரரக் கேட்டிருந்தாலே போதும்.

ஆழமில்லாம அகலமா பரவிக் கெடக்குற தண்ணிதான் வெயிலுக்குச் சீக்கிரம் போகும். அந்தக் கணக்குல நம்ம கண்மாய் ரொம்ப மோசம். ஊரணி பரவாயில்ல, சின்னதா ஆழமா வெட்டிச் சுத்தி செம்புறாங்கல் கட்டி வச்சிருப்பாக. அதுலயும் குடிக்கிற ஊரணி தனி, குளிக்கிற ஊரணி தனி. குடிக்கிற ஊரணியில கால வச்சா அப்பத்தா வெளக்குமாத்த எடுக்கும்.

மாசி பங்குனியில கண்மாய் வத்துறப்ப மீன்பிடித் திருவிழா ஞாபகம் வருது. வெள்ளத் துண்ட வீசினதும் மொத்த ஊரும் ஊத்தாவ, அதான் மீன் பிடிக்கிற கூடைய, தூக்கிட்டு ஓடும். நான் ஊத்தாவக் கவுத்தி கைய உள்ள விட்டா வழக்கமா வர்றது என் கால்தான். சரி, அணைப் பேச்ச விட்டு எங்கேயோ போயிட்டேன்.

டிசம்பர் 6
இத எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்.

எங்க வீடு பழைய வீடு. முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு எல்லாம் உண்டு, பங்காளிகளுக்குப் பிரிஞ்சு போயி இப்ப அதுல குடியிருக்கிறது நான் ஒருத்தன்தான். வளவு நடுவுல வானம் பாத்த முத்தம், நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு உள்ள பாத்து எறங்கும். ஓட்டு விளிம்புல தகரக் கால், நாலு மூலையிலயும் பித்தளத் தூம்பு, யானைத் தும்பிக்கை மாதிரி முன்னாடி நீட்டிட்டு இருக்கும். ஐப்பசி மொத மழையப் பிடிக்க மாட்டாக, ஓட்ட கழுவிட்டுப் போகட்டும்னு விட்டுருவாக. ரெண்டாவது மழைக்கு அப்பத்தா நாலு மூலைக்கும் நாலு அண்டாவ உருட்டிட்டு வரும், வாயில வேட்டியக் கட்டி, நடுவுல ஒரு கூழாங்கல்லப் போட்டுக் குழி விழ வச்சு. தூம்புல இருந்து தண்ணி வேட்டி மேல விழுற சத்தம் ராத்திரி பூரா கேக்கும், மொதல்ல தொப்பு தொப்புன்னு, அண்டா நெறய நெறய சத்தம் மாறிக்கிட்டே வரும். எந்திரிச்சுப் பாக்காமலே எந்த அண்டா நெறஞ்சதுன்னு அப்பத்தா சொல்லும். அந்தத் தண்ணியிலதான் மாசிமாசம் வரைக்கும் பருப்பு வேகும்.

2003ல அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டாந்துச்சு. நல்ல சட்டம், அதுல குத்தமில்ல. நான் என்ன செஞ்சேன்? ஒரு காண்ட்ராக்டரப் பிடிச்சேன். அவரு வந்து பாத்துட்டு, "இதெல்லாம் பழசு சார், ரூல்படி பி.வி.சி. பைப்பு போட்டு, குழி தோண்டி, ஜல்லி கொட்டணும்"னாரு. நானும் தலையாட்டினேன். தகரத்தப் பிடுங்கிட்டாக, தூம்ப நாலையும் பழைய பித்தள வெலைக்குப் போட்டேன். மழைநீர் சேகரிக்கிறதுக்காக, முன்னூறு தடவ மழைநீர் சேகரிச்ச ஐட்டத்த எடைக்குப் போட்ட ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

குழி ரெண்டு மழை தாங்குச்சு. அப்புறம் ஜல்லி பூரா மண்ணு அடைச்சு, தண்ணி எதுக்களிச்சு வளவுக்குள்ளயே வந்துச்சு, ஆத்தங்குடிக் கல்லு மேல கணுக்கால் தண்ணி. பைப்ப வெளிச் சாக்கடைக்குத் திருப்பி விட்டேன். 2017ல ஒரு கோடை முழுசும் லாரித் தண்ணி வாங்கிக் குடிச்சேன். தெர்மாக்கோல் மீம் போட்டதும் அந்தக் கோடைதான்.

டிசம்பர் 7
ரெண்டு பேரு காண்ட்ராக்டர் பேரக் கேக்குறாக. வேணாம். தலையாட்டினது நான்.

டிசம்பர் 19
இப்பக் கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். நம்மகிட்ட அணை இல்லன்னு மொதல்ல எழுதினேன்ல, அது பாதிதான் சரி.

காரைக்குடி டவுனுக்குக் கவலையில்ல, சம்பை ஊத்து இருக்கு, அந்தத் தண்ணி ருசிக்கு வெளியூருக்காரன் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போவான். ஆனா சுத்துப்பட்டுக் கிராமத்துல தெருக்குழாயத் தொறந்தா என்ன வருது? பல ஊருல காவிரி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல திருச்சிப் பக்கமிருந்து குழாய் போட்டு சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் கொண்டு போறாக. திருச்சியில காவிரியில தண்ணி இருக்கான்னு தீர்மானிக்கிறது எது? மேட்டூர். 1934ல கட்டி முடிச்சது, 93.47 டி.எம்.சி., வைகையப் போல பதினஞ்சு மடங்கு.

அப்ப நாம குடிக்கிறது மேட்டூர்த் தண்ணி, பேப்பர்ல பாக்குறது வைகை மட்டம், வயலுக்குப் பாயுறது தலகாணி எடுத்த கால் தண்ணி. மூணுக்கும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்ல. எங்க சொந்தக்காரரு தெனம் பேச்சிப்பாறை பாக்குறத நான் இனிமே கிண்டல் பண்ணமாட்டேன், நானும் தப்பான கட்டத்தத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.

மேட்டூர்ல தண்ணி வத்துறப்ப பண்ணவாடிப் பக்கம் முங்கிக் கெடந்த கோயில் நந்தியும் பழைய சர்ச்சுக் கோபுரமும் வெளிய வரும், சனம் வேன் பிடிச்சுப் போயி போட்டோ எடுக்கும். அந்த நந்தி வெளிய தெரியுதுன்னா நம்ம தெருக்குழாய்க்கு ஆபத்துன்னு அர்த்தம். நாம இங்க போட்டோவுக்கு லைக் போட்டுட்டு இருப்போம். அங்க முங்கின ஊருச் சனம் எந்திரிச்சுப் போன வீட்டுத் தண்ணியிலதான் இங்க காப்பி போடுறோம்னு ஒரு நாளும் தோணினதில்ல எனக்கு.

டிசம்பர் 20
"வைகையப் போல பதினஞ்சு மடங்கு" சரிதான், கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டேன். இந்தத் தடவ யாரும் போன் போட வேணாம்.

ஜனவரி 2
காவிரி-வைகை-குண்டாறு வந்தா எல்லாம் சரியாயிரும்னு ஒருத்தர் எழுதியிருக்காக. 2021 பிப்ரவரில அடிக்கல் நாட்டினது, கரூர் மாயனூர்க் கதவணைல இருந்து 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபா திட்டம், புதுக்கோட்டை வழியா நம்ம பக்கம் வரணும். வெள்ளக் காலத்துல மிஞ்சுற தண்ணிய மட்டும் கொண்டு வர்றதுதான் திட்டம், வருஷம் பூரா ஓடாது. வந்தா நல்லதுதான், வேணாம்னு சொல்ல நான் யாரு.

நீர்ப்பாய்ச்சிக்கிட்ட சொன்னேன். "வரட்டும் தம்பி. வந்தா ரோட்டுக்கு அடில எந்தக் குழாய் வழியா வரும்?"

ஜனவரி 21
இன்னைக்கு வைகை அணைக்குப் பொறந்த நாள். 1959 ஜனவரி 21, காமராஜர் தொறந்து வச்சாரு. அன்னைக்கு இந்த மாவட்டமே கிடையாது, காரைக்குடி தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா, சிவகங்கை பிரிஞ்சது 1985ல.

ராமநாதபுரம்னதும் ஒண்ணு. பெரியாத்துத் தண்ணிய மலையக் கொடஞ்சு கெழக்க திருப்பணும்கிற யோசனைய எல்லாரும் பென்னிகுக்கு கணக்குல எழுதுறாக. கட்டினது அவருதான், 1895ல, அதுல ஒரு செங்கல்லக் கூட உருவ வேணாம். ஆனா அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, 1789ல, ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை அத ஆராய வச்சிருக்காரு. செலவு தாங்காதுன்னு விட்டுட்டாக. மலையே இல்லாத சீமையில உக்காந்துக்கிட்டு, அடுத்த பக்கம் கடலுக்குப் போற ஆத்த இழுக்கணும்னு ஒரு மனுசன் நெனச்சிருக்காருன்னா, அந்தச் சீமையில எவ்வளவு காஞ்சிருக்கணும்? அதுக்கு அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வேற வந்துச்சு. அவரு பேருல ஒரு மதகு கூட நான் பாத்ததில்ல.

கேள்வி கேட்ட தம்பி: சித்தப்பாவுக்கு அறுப்பு எப்படி? சொல்லவே இல்ல.

ஜனவரி 22
சொல்லிட்டாரு. முழுசா வெளஞ்சிருச்சு, ஆனா கடைசி மழையில சாஞ்சிருச்சாம். தண்ணி வரலைன்னு அழுத மனுசன் இப்பத் தண்ணி வந்துச்சுன்னு அழுகுறாரு. விவசாயின்னா அப்படித்தான்.

ஜனவரி 25
காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக இருக்குல்ல, அங்க போனேன். என் தூம்பு கெடைக்கும்னு ஒரு நப்பாசை. வேற யாரோ வீட்டுத் தூம்பு ஒண்ணு இருந்துச்சு, அதே தும்பிக்கை, வெலையக் கேட்டேன், மூணு மாசப் பென்ஷன். கடைக்காரரு, "வெள்ளைக்காரவுக ஷோகேஸ்ல வைக்க வாங்குறாக அண்ணே"ன்னாரு. கும்பிட்டுட்டு வெளிய வந்தேன்.

தகர வேலை செய்ற பையனப் பிடிச்சு ஒரு மூலைக்கு மட்டும் தகரத் தூம்பு அடிச்சு மாட்டியாச்சு. மாட்டினதோட மழை நின்னுபோச்சு, இனி அடுத்த ஐப்பசிதான். பொறுக்க முடியல. ஏணி போட்டு ஏறி, ஓட்டுச் சரிவுல ஒரு குடம் தண்ணிய மெதுவா ஊத்திட்டு, எறங்கி ஓடி வந்து பாத்தேன். அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கு. அண்டாவ நகத்தி வச்சிருக்கேன்.